குடும்பப் பெயர் யாருக்குச் சொந்தம்?

கடைப் பலகையில் இருக்கும் பெயர் டிரேட் மார்க் ஆகும் கதை

"மக்களே, சிப்சு வாங்கணும். அந்தப் பாட்டா கடையிலேயே வாங்கு. வேற கடைக்குப் போயிராதே!"

நாகர்கோவிலில் ஒரு வீடு. சென்னையில் இருந்து விருந்தாளி வந்து இருக்கிறார். ஊருக்குத் திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்ப வேண்டும். தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்சு என்றால் நாகர்கோவிலுக்குத் தனிப் பெயர் அல்லவா? அம்மா பணம் கொடுக்கிறாள். பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

கடைத்தெருவுக்குப் போனதும் திகைத்து நிற்கிறான்.

அங்கே ஒரே பெயரில் 2 கடைகள்! ஒரு பலகையில் "ஒரிஜினல்" என்று எழுதி இருக்கிறது. அடுத்த பலகையில் "பழைய" என்று எழுதி இருக்கிறது. இரண்டிலும் அதே பாட்டாவின் பெயர். இரண்டிலும் அதே படம். அதே மீசை!

எது உண்மையான கடை? பையனுக்குத் தெரியவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படி 2 பலகைகளை நீங்கள் எந்த ஊரில் பார்த்தது இல்லை? அல்வாக் கடையில் பார்த்து இருப்பீர்கள். பிரியாணிக் கடையில் பார்த்து இருப்பீர்கள். நகைக் கடையில், ஜவுளிக் கடையில் பார்த்து இருப்பீர்கள்.

தகப்பனார் வைத்த கடை. அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் பிரிகிறார்கள். வீட்டைப் பங்கு போடலாம். விளையைப் பங்கு போடலாம். பாத்திர பண்டங்களையும் எண்ணிப் பிரிக்கலாம்.

பெயரை எப்படிப் பங்கு போடுவது?

அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம்? அதை ஒருவர் பதிவு செய்ய முடியுமா? பதிவு செய்துவிட்டால் மற்றவர் தன் சொந்தப் பெயரையே சொல்லக்கூடாதா? இந்தக் கேள்விகளோடு பலர் கோர்ட்டுப் படி ஏறி இருக்கிறார்கள். பெரிய பெரிய கம்பெனிகளே ஏறி இருக்கின்றன. அந்தக் கதைகளைப் பார்ப்போம்.

டிரேட் மார்க்

டிரேட் மார்க் என்றால் வணிகச் சின்னம். ஒரு வியாபாரியின் சரக்கை மற்ற வியாபாரியின் சரக்கில் இருந்து பிரித்துக் காட்டும் அடையாளம்.

அது படமாக இருக்கலாம். சொல்லாக இருக்கலாம். எழுத்தாகவோ, எண்ணாகவோ இருக்கலாம். கையெழுத்தாகக்கூட இருக்கலாம். ஆளின் பெயராகவும் இருக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நம் பாட்டிமார்கள் படத்தைப் பார்த்துத்தான் சாமான் வாங்கினார்கள். "கிளி படம் போட்ட பெட்டியைக் கொடு" என்றார்கள். படம் சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் டிரேட் மார்க்கின் உயிர்.

இந்தியாவில் முன்பு இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. 1940-ல்தான் முதல் டிரேட் மார்க் சட்டம் வந்தது. 1958-ல் இன்னொரு சட்டம் வந்தது. இப்போது இருப்பது 1999-ம் ஆண்டுச் சட்டம். அது 2003 செப்டம்பர் 15-ந் தேதி நடைமுறைக்கு வந்தது.

நமக்கு ஏது குடும்பப் பெயர்?

வடநாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டால், கடைசியில் குடும்பப் பெயர் வரும். டாட்டா, பஜாஜ், கிர்லோஸ்கர், மகீந்திரா என்பவை எல்லாம் குடும்பப் பெயர்கள்.

நமக்கு அந்த வழக்கம் குறைவு. நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் வரும். அது அப்பாவின் பெயராக இருக்கும். சிலருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும்.

டி.வி.எஸ். என்ற 3 எழுத்தைத் தெரியாதவர்கள் உண்டா? 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் பெயர்ச் சுருக்கம் அது. முதல் எழுத்தான "டி" என்ன தெரியுமா? திருக்குறுங்குடி!

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே போனால், மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. நாஞ்சில் நாட்டுக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரின் முதல் எழுத்து, இன்று நாடு எங்கும் வண்டிகளில் ஓடுகிறது.

குமரி மாவட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டுப் பெயர் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவார்கள். "எந்த வீடு? எந்த விளை?" என்று கேட்ட பிறகுதான் ஆளின் பெயரைக் கேட்பார்கள்.

இதைத் தவிர, சாதிப் பட்டத்தைச் சேர்த்துச் சொல்லும் பழக்கமும் நெடுங்காலம் இருந்தது. "பிள்ளைவாள் கடை", "நாடார் கடை", "செட்டியார் கடை", "நாயுடு ஓட்டல்" என்று ஊருக்கு ஊர் சொன்னார்கள்.

ஆக, குடும்பப் பெயர் என்று நாம் சொல்லாவிட்டாலும், குடும்பத்தின் அடையாளமாக ஒரு பெயர் நம் கடைகளிலும் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பதிவு செய்ய முடியுமா?

சட்டம் தயங்குகிறது

இங்கேதான் சிக்கல்.

ஒரு ஊரில் நூறு பிள்ளைமார் இருக்கிறார்கள். நூறு நாடார்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து, "இந்தப் பட்டம் எனக்கு மட்டும்தான் சொந்தம். வேறு யாரும் பலகையில் எழுதக்கூடாது" என்றால் நியாயமா?

நியாயம் இல்லை. அதனால்தான் சட்டம் தயங்கியது.

1958-ம் ஆண்டுச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொன்னது. ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், ஆள் பெயர், இந்தியாவில் உள்ள சாதியின் பெயர் ஆகியவற்றைச் சாதாரணமாகப் பதிவு செய்து கொடுக்க முடியாது என்றது. ஆனால் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. "இந்தப் பெயரைக் கேட்டால் மக்கள் என் சரக்கைத்தான் நினைக்கிறார்கள்" என்று ஒருவர் சாட்சியத்தோடு காட்டினால், பதிவு செய்து கொள்ளலாம்.

இப்போதைய சட்டத்தில் குடும்பப் பெயர், சாதிப் பெயர் என்று தனியாகத் தடை எழுதி வைக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்கிறது. "இந்தப் பெயருக்குத் தனித்தன்மை உண்டா?"

இருந்தால் பதிவு. இல்லாவிட்டால் இல்லை.

டெலிபோன் டைரக்டரி

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் அல்ல. வெள்ளைக்காரர்களுக்கும் இருந்தது.

இங்கிலாந்தில் நிக்கோல்ஸ் என்று ஒரு கம்பெனி. "விம்டோ" என்ற பானத்தைச் செய்யும் கம்பெனி. தன் பெயரைப் பதிவு செய்யக் கேட்டது.

பதிவு அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? லண்டன் டெலிபோன் டைரக்டரியை எடுத்தார்கள். அதில் எத்தனை நிக்கோல்ஸ் இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்! "இது ரொம்பச் சாதாரணப் பெயர்" என்று, உணவுப் பொருளுக்கும் பானத்துக்கும் பதிவு தர மறுத்து விட்டார்கள்.

வழக்கு ஐரோப்பியக் கோர்ட்டு வரை போயிற்று. 2004 செப்டம்பரில் கோர்ட்டு ஒரு பதில் சொன்னது. பல பேருக்கு இருக்கும் பெயர் என்பதற்காக மட்டும் ஒரு குடும்பப் பெயரைத் தள்ளி விடக்கூடாது. மற்றச் சின்னங்களுக்கு என்ன அளவுகோலோ, அதே அளவுகோல்தான் குடும்பப் பெயருக்கும். மக்கள் அந்தப் பெயரைச் சரக்கின் அடையாளமாக எடுத்துக் கொள்வார்களா என்று பார்க்க வேண்டும்.

நம் சட்டமும் பார்ப்பது அதைத்தான். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்பது முக்கியம் அல்ல. அந்தப் பெயரைக் கேட்டதும் வாங்குபவர் மனதில் என்ன தோன்றுகிறது என்பதே முக்கியம்.

ஜீப் பெயரும் காகிதமும்

மகீந்திரா கதையைக் கேளுங்கள்.

1945-ல் மகீந்திரா சகோதரர்கள் 2 பேரும், குலாம் முகமது என்பவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதற்கு "மகீந்திரா அண்டு முகமது" என்று பெயர். நாடு பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போனார். அந்த நாட்டின் முதல் நிதி மந்திரி ஆனார். 1948-ல் இங்கே கம்பெனியின் பெயர் "மகீந்திரா அண்டு மகீந்திரா" என்று மாறியது.

ஜீப், டிராக்டர் என்று அந்தப் பெயர் நாடு முழுவதும் ஓடியது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு காகித ஆலைக் கம்பெனி வந்தது. அதன் பெயர் "மகேந்திரா அண்டு மகேந்திரா பேப்பர் மில்ஸ்"! எழுத்தில் கொஞ்சம் வித்தியாசம். காதில் கேட்டால் ஒன்றுதான்.

பெரிய கம்பெனி வழக்குப் போட்டது. "மகேந்திரா என்பது சாதாரண ஆள் பெயர். எங்கள் கம்பெனியைத் தொடங்கியவரின் பெயர். அவர்கள் வண்டி செய்கிறார்கள். நாங்கள் காகிதம் செய்கிறோம். இதில் என்ன குழப்பம்?" என்று காகித ஆலைக்காரர்கள் கேட்டார்கள்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பம்பாய் ஐகோர்ட்டு தடை போட்டது. சுப்ரீம் கோர்ட்டு 2001 நவம்பரில் அந்தத் தடையை உறுதி செய்தது.

ஏன்? 50 ஆண்டுகளாக வழங்கி வந்ததால் அந்தப் பெயர் தனித்தன்மை பெற்று விட்டது. அதைக் கேட்டதும் ஒரு குறிப்பிட்ட தரத்தை மக்கள் எதிர்பார்க்கிறார்கள். புதிய கம்பெனியும் அவர்களுடையதுதான் என்று நினைத்து ஏமாறக்கூடும். இதுதான் கோர்ட்டின் கருத்து.

ரெட்டி வழக்கு

மருந்து விஷயத்தில் இது இன்னும் கடுமை.

ஐதராபாத்தில் அஞ்சி ரெட்டி என்பவர் 1984-ல் மருந்துக் கம்பெனி தொடங்கினார். அவர் மஞ்சள் பயிர் செய்த விவசாயியின் மகன். கம்பெனிக்கு "டாக்டர் ரெட்டீஸ்" என்று பெயர் வைத்தார். அது உலகம் எங்கும் மருந்து விற்கும் கம்பெனியாக வளர்ந்தது.

"ரெட்டி பார்மசூட்டிகல்ஸ்" என்று இன்னொரு கம்பெனி இருந்தது. முன்பு டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியுடன் வியாபாரத் தொடர்பு வைத்து இருந்த கம்பெனிதான். பிறகு சொந்தமாக மருந்து விற்கத் தொடங்கியது.

டெல்லி ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. "ரெட்டி என்பது தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்களின் பெயர். இதற்கு ஒருவர் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்?" என்பது எதிர்வாதம்.

2004-ல் கோர்ட்டு டாக்டர் ரெட்டீஸ் பக்கம் நின்றது. மருந்துத் துறையில் அந்தப் பெயருக்குத் தனித்தன்மை வந்து விட்டது என்று கூறி, மற்றக் கம்பெனிக்குத் தடை விதித்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மனிதனுக்குப் பெயர் பிறந்ததும் வருகிறது. அதை அவன் தேர்ந்து எடுப்பது இல்லை. கம்பெனிக்கு அப்படி அல்ல. யோசித்து, பார்த்து, வேண்டும் என்றே ஒரு பெயரை வைக்கிறார்கள். ஆகவே, "இது என் பிறவிப் பெயர்" என்று கம்பெனி வாதாடினால் அது எளிதில் எடுபடாது.

அப்படியானால் எல்லா ரெட்டிகளும் கடையை மூட வேண்டுமா? வேண்டாம். துணிக் கடை வைக்கும் ரெட்டியை இந்தத் தீர்ப்பு தொடவில்லை. மருந்து விற்கும் இடத்தில் குழப்பம் கூடாது என்பதுதான் விஷயம்.

சொந்தப் பெயரைத் தடுக்க முடியுமா?

இப்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஒருவர் தன் குடும்பப் பெயரைப் பதிவு செய்து விட்டார். அதே குடும்பத்தில் பிறந்த இன்னொருவர், அதே தொழிலைத் தன் பெயரில் நேர்மையாகச் செய்கிறார். அவரைத் தடுக்க முடியுமா?

சட்டத்தின் 35-வது பிரிவு, "முடியாது" என்று சொல்கிறது. ஒருவர் தன் சொந்தப் பெயரையோ, தொழிலில் தனக்கு முன்னால் இருந்தவரின் பெயரையோ நல்லெண்ணத்தோடு வைத்துக் கொண்டால், அதில் தலையிடக் கூடாது.

டெல்லியில் இதற்கு ஒரு வழக்கு உண்டு. தெற்கு டெல்லியில் சவுத் எக்ஸ்டென்ஷன் கடைத்தெருவில் 2 நகைக் கடைகள். 2 கடைக்காரர்களும் ரக்யான் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். 2 கடைகளிலும் ரக்யான் என்ற பெயர் இருந்தது. ஒருவர் மற்றவர் மீது வழக்குப் போட்டார்.

2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில்தான் தொழில் நடத்துகிறார்கள். 35-வது பிரிவு அதை அனுமதிக்கிறது என்று சொல்லி, கீழே போடப்பட்டு இருந்த தடையை நீக்கி விட்டது.

இந்த 3 வழக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். மகீந்திராவுக்கும் ரெட்டிக்கும் பாதுகாப்பு கிடைத்தது. ரக்யான் வழக்கில் தடை போய் விட்டது. முரண்பாடு போலத் தோன்றும். முரண்பாடு அல்ல.

நேர்மையாகத் தன் பெயரைச் சொல்லிக் கொள்பவனைச் சட்டம் தடுக்காது. அடுத்தவன் சம்பாதித்த நல்ல பெயரில் குளிர் காய நினைப்பவனை விடாது!

ஊர் வைத்த பெயர்

சில நேரம் கடைக்காரர் வைப்பது ஒரு பெயர். ஊர் கூப்பிடுவது வேறு பெயர்.

திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் பிரியாணி ஓட்டல் தொடங்கினார். "ஆனந்த விலாஸ்" என்பது அவர் வைத்த பெயர். அவர் எப்போதும் தலையில் தலைப்பாகை கட்டி இருப்பார். சாப்பிட வந்தவர்கள் "தலப்பாக்கட்டி நாயுடு கடை" என்றார்கள்.

பலகையில் எழுதிய பெயரை விட, வாயில் வந்த பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் அந்தப் பெயருக்காகச் சென்னை ஐகோர்ட்டில் வழக்குகள் நடந்தன. தலையில் கட்டிய துணி, குடும்பத்தின் சொத்து ஆகி விட்டது!

நம் மாவட்டத்திலும் உதாரணம் உண்டு. அகஸ்தீசுவரத்தில் பிறந்தவர் எச்.வசந்தகுமார். 1978-ல் சென்னையில் கடை தொடங்கினார். தன் பெயரையே கடைக்கு வைத்தார். தமிழ்நாடு எங்கும் கிளைகள் வந்தன. 2019-ல் கன்னியாகுமரித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். 2020 ஆகஸ்டு 28-ந் தேதி அவர் மறைந்தார். பெயர் மறையவில்லை. கடை முகப்புகளில் இருக்கிறது.

பெயரை வைத்தவர் போன பிறகும் பெயர் உழைக்கும். அதனால்தான் அது சொத்து.

ஊர்ப் பெயர் வேறு

"நாகர்கோவில்" என்ற ஊர்ப் பெயரை ஒருவர் பதிவு செய்து கொள்ளலாமா என்று சிலர் கேட்கலாம். ஊர்ப் பெயர் ஊருக்குச் சொந்தம். அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் புவிசார் குறியீடு.

வடசேரிக் கைவினைஞர்கள் செய்யும் கோவில் நகைகளுக்கு, நாகர்கோவில் பெயரில் அந்தக் குறியீடு கிடைத்து இருக்கிறது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குக் கிடைத்து இருக்கிறது. 2023-ல் கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் கிடைத்தது. அது தனி ஆளுக்குச் சொந்தம் அல்ல. அந்த வட்டாரத்தில் முறைப்படி அந்தப் பொருளைச் செய்யும் எல்லோருக்கும் பொது.

ஊர்ப் பெயர் எல்லோரும் இறைக்கும் பொதுக் கிணறு. டிரேட் மார்க் வீட்டுக் கிணறு.

அண்ணன் தம்பி சண்டை

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அங்கே டாஸ்லர் சகோதரர்கள் செருப்புக் கம்பெனி நடத்தினார்கள். அண்ணன் ருடால்ப். தம்பி அடால்ப். விளையாட்டு வீரர்களுக்கான காலணி செய்தார்கள். குடும்பப் பெயரில்தான் கம்பெனி.

2 பேருக்கும் மனத்தாங்கல். 1948-ல் பிரிந்தார்கள்.

டாஸ்லர் என்ற பெயரை யார் எடுத்துக் கொள்வது? 2 பேருமே எடுத்துக் கொள்ளவில்லை! தம்பியை "அடி" என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அதோடு டாஸ்லரில் இருந்து "டாஸ்" என்பதைச் சேர்த்தார். "அடிடாஸ்" பிறந்தது. அண்ணன் முதலில் தன் பெயரைச் சுருக்கி "ருடா" என்று வைத்தார். பிறகு "பூமா" என்று மாற்றினார்.

2 பெயர்களும் உலகப் புகழ் பெற்றன. பழைய பெயருக்குச் சண்டை போட்டுக்கொண்டே இருந்து இருந்தால் இது நடந்து இருக்குமா?

இன்னொரு கதை கொஞ்சம் வருத்தமானது. அமெரிக்காவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் ஓட்டல் நடத்தினார்கள். 1961-ல் தொழிலையும் பெயரையும் ரே கிராக் என்பவருக்கு 27 லட்சம் டாலருக்கு விற்றார்கள். தாங்கள் முதலில் தொடங்கிய கடையை மட்டும் கையில் வைத்துக் கொண்டார்கள்.

கடை இருந்தது. பெயர் இல்லை! தங்கள் சொந்தக் கடையில் தங்கள் சொந்தப் பெயரை எழுத முடியவில்லை. பலகையை "பிக் எம்" என்று மாற்ற வேண்டி வந்தது. கொஞ்ச தூரத்திலேயே கிராக் ஒரு மெக்டொனால்ட் கடை திறந்தார். சகோதரர்களின் கடை நாளடைவில் மூடப்பட்டது.

பெயரை விற்பவர்கள் 10 தடவை யோசிக்க வேண்டும்!

பதிவு செய்வது எப்படி?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சிப்சுக் கடை வைத்து இருக்கிறீர்கள். அல்லது வீட்டில் இருந்தபடி ஊறுகாயும் வடகமும் செய்து விற்கிறீர்கள். உங்கள் பெயருக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில், அதே பெயரோ, அது போன்ற பெயரோ ஏற்கனவே பதிவாகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் இணையதளத்தில் தேடலாம். கட்டணம் கிடையாது.

பிறகு விண்ணப்பம். தமிழ்நாட்டுக்கு உரிய டிரேட் மார்க் ஆபீசு சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே போக வேண்டியது இல்லை. இணையதளம் வழியாகவே அனுப்பலாம். தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் கட்டணம் 4 ஆயிரத்து 500 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு 9 ஆயிரம் ரூபாய். இது 2017-ம் ஆண்டு விதிகளில் உள்ள கட்டணம்.

இது ஒரு வகைச் சரக்குக்கு உரிய கட்டணம். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகைகளாகப் பிரித்து இருக்கிறார்கள். சிப்சு 29-வது வகை. மிட்டாய் 30-வது வகை. நகை 14-வது வகை. ஓட்டல் 43-வது வகை. எந்த வகைக்குப் பணம் கட்டுகிறீர்களோ, அந்த வகையில்தான் பதிவு.

பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதிவு செய்யலாம். அதன் உச்சரிப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதிகாரி பரிசீலிப்பார். "இது சாதாரணக் குடும்பப் பெயர் ஆயிற்றே" என்று ஆட்சேபம் எழுப்பலாம். பயப்பட வேண்டாம். பதில் எழுத வேண்டும். அப்போது கை கொடுப்பவை பழைய காகிதங்கள்!

அப்பா காலத்து பில் புத்தகம், பழைய உறை, பத்திரிகை விளம்பரம், வரி கட்டிய ரசீது, உணவுப் பொருள் லைசென்சு, கடை முன் எடுத்த போட்டோ ஆகிய எல்லாம் சாட்சியம். "இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெயரில் விற்கிறோம். மக்களுக்கு எங்களைத் தெரியும்" என்று அவை பேசும். தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது அவற்றைக் குப்பையில் போட்டு விடாதீர்கள்!

அதிகாரி ஒப்புக் கொண்டால், டிரேட் மார்க் பத்திரிகையில் உங்கள் பெயர் வெளியாகும். அதில் இருந்து 4 மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வராவிட்டால், அல்லது வந்து நீங்கள் வென்றால், பத்திரம் கையில் கிடைக்கும். விண்ணப்பித்த நாளில் இருந்து 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

பதிவு ஆவதற்கு முன்பே, பதிவு ஆனதாகக் காட்டும் வட்டத்துக்குள் இருக்கும் "ஆர்" அடையாளத்தை உறையில் போடக்கூடாது. அது சட்டப்படி தவறு.

பிறகு யாராவது உங்கள் பெயரைத் திருடினால், அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியது இல்லை. நீங்கள் இருக்கும் ஊருக்கு உரிய மாவட்டக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். குமரி மாவட்டத்தாருக்கு நாகர்கோவிலிலேயே கோர்ட்டு இருக்கிறது.

பதிவு செய்யாதவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. நெடுநாள் வழங்கிய பெயருக்குப் பதிவு இல்லாமலும் பாதுகாப்புக் கேட்கலாம். ஆனால் எல்லாவற்றையும் முதலில் இருந்து நிரூபிக்க வேண்டும். பதிவுப் பத்திரம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூத்தவன் மட்டும் பதிவு செய்தால்?

குடும்பங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அப்பா இறந்த கையோடு, ஒரு பிள்ளை மட்டும் சத்தம் இல்லாமல் பெயரைப் பதிவு செய்யப் பார்க்கிறான். மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் பத்திரம் வாங்கி விடலாம் என்று நினைக்கிறான்.

அது அவ்வளவு எளிது அல்ல. உயிரோடு இருப்பவர் பெயரையோ, இறந்து 20 ஆண்டு ஆகாதவர் பெயரையோ காட்டி, அவரோடு பொய்யாகத் தொடர்பு கொண்டாடினால், அவருடைய சம்மதத்தை அதிகாரி கேட்கலாம். இறந்தவர் என்றால், அவருடைய சட்டப்படியான வாரிசின் சம்மதத்தைக் கேட்கலாம். மேலும், அந்த 4 மாதத்தில் தம்பியோ தங்கையோ எதிர்ப்பு மனு கொடுக்கலாம். பிறகு என்ன? வழக்குத்தான். வக்கீல் பீசுதான்.

இதற்கு நல்ல வழி, அப்பா இருக்கும்போதே எழுதி வைப்பது.

வீட்டை இன்னாருக்கு, தோப்பை இன்னாருக்கு என்று உயில் எழுதுகிறோம். அதில் பெயருக்கும் ஒரு வரி வேண்டும். டிரேட் மார்க்கை வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சொந்தம் ஒருவருக்கு, வழங்கும் உரிமை மற்றவர்களுக்கு என்று ஒப்பந்தமும் செய்யலாம். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்து, பெயரை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்து விடலாம்.

பெண் பிள்ளைகளையும் மறந்து விடக்கூடாது. அடுப்படியில் நின்று அந்தக் கடைக்குப் பக்குவம் கண்டுபிடித்தவள் பல வீடுகளில் அம்மாதான். அந்தப் பக்குவத்தைக் கற்றுக் கொண்டவள் பல வீடுகளில் மகள்தான்.

பையன் எங்கே போனான்?

கடைத்தெருவில் ஒரு பையனை நிற்க வைத்து விட்டு வந்தோம். அவன் என்ன செய்தான்?

2 கடையிலும் ஒவ்வொரு சிப்சு வாங்கி வாயில் போட்டுப் பார்த்தான். எது பாட்டா கடை என்று அவன் நாக்குக்குத் தெரிந்து விட்டது!

இதுதான் உண்மை. பெயரைப் பதிவு செய்து கொடுப்பது கிண்டி ஆபீசு. அந்தப் பெயருக்கு உயிர் கொடுப்பது, காலையில் அடுப்பு மூட்டுகிற கை. காய் பார்த்து வாங்குகிற கண். எடை குறைக்காத மனம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாத நேர்மை.

பத்திரம் 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். நல்ல பெயரைத் தினமும் புதுப்பிக்க வேண்டும்.

அப்பா அதைத்தான் செய்தார். அதனால்தான் அவர் பெயருக்கு இத்தனை சண்டை!